கல் மூங்கிலில் ஒரு சிலம்பக் கம்பு

அக்கா மகளுக்காகக் கையால் செய்த சிலம்பக் கம்பு ஒரு மழைக்காலத்தைத் தாண்டிவிட்டது. கோணவில்லை, கணுவில் வெடிக்கவில்லை, உளுக்கவில்லை. தினமும் சாயங்காலம் இன்னொரு கம்போடு மோதி, அடி வாங்கி, அடி கொடுத்துத் திரும்பி வருகிறது. இதற்கு முன் செய்தவற்றில் ஒன்று கணுவில் பிளந்தது. இன்னொன்றை உள்ளிருந்தே பூச்சி தின்றுவிட்டது. இந்த மூன்றுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்பது இப்போதுதான் எனக்குத் தெளிவாக இருக்கிறது. மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

கம்பு கடையில் கிடைக்காத பொருள் கிடையாது. பிரம்பும் இருக்கிறது, ஃபைபரும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. எங்கள் பக்கத்திலும் நிறையப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் கடைக் கம்பு எல்லோருக்கும் ஒரே நீளம், ஒரே பருமன். பதினைந்து வயதுப் பெண்ணின் கைக்கு அது தடிமனாக இருந்தது. சுழற்றும்போது பிடி மாறுகிற இடத்தில் நழுவுகிறது என்றாள். அவள் கைக்கும் உயரத்துக்கும் சரியாக இருக்கிற ஒன்று வேண்டும். அதுதான் தொடக்கம்.

அளவை அவளுடைய சிலம்ப வாத்தியாரிடம் கேட்டேன். அவர் டேப் எதையும் எடுக்கவில்லை. அவளை வெறுங்காலில் நிற்கவைத்து, தன் கம்பைப் பக்கத்தில் நிமிர்த்திப் புருவத்துக்கு நேராக விரலை வைத்தார். "இதுக்கு மேல போனா தரையில இடிக்கும், கீழ போனா வீச்சு எட்டாது" என்றார். அது 146 சென்டிமீட்டர். இன்னும் கொஞ்சம் வளருவாள் என்பதால் 150 என்று வைத்துக்கொண்டேன். பருமனுக்கு அவர் சொன்ன கணக்கு, கம்பைப் பிடித்தால் நடுவிரல் நுனி கட்டைவிரலின் மேல் லேசாக ஏற வேண்டும். பல கம்புகளைப் பிடிக்கவைத்துப் பார்த்ததில் அவள் கைக்கு 24 மி.மீ. பொருந்தியது. குறுக்களவு அளக்கிற வெர்னியர் கருவி இல்லாதவர்கள் நூலைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளலாம். சுற்றளவு 75 மி.மீ. வந்தால் குறுக்களவு 24.

முதலில் சவுக்கில் முயன்றேன், கையருகே கிடைத்தது என்பதற்காக. மூங்கில் மண்டியில் சாரம் கட்டுகிற சவுக்குக் கழிகளில் மெலிந்த ஒன்று. காயக் காய நீளவாக்கில் வெடிப்பு விட்டது. எடையும் அதிகம். அவள் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அதை அவரைப் பந்தலுக்குக் கொடுத்துவிட்டேன்.

மூங்கில் என்றால் எல்லா மூங்கிலும் ஆகாது. முள் மூங்கில் உள்ளே குழாய், சுவர் மட்டும்தான். சிலம்பத்துக்கு வேண்டியது கல் மூங்கில். முள் இருக்காது, உள்ளே கிட்டத்தட்ட கெட்டி. அடிப்பக்கத்தை அறுத்துப் பார்த்தால் நடுவில் பென்சில் முனை போகிற அளவுக்குத்தான் ஓட்டை இருக்கும். அதுவும் வறண்ட மண்ணில், நெருக்கமான புதரில் வளர்ந்ததுதான் இப்படிக் கெட்டியாக இருக்கிறது. வாய்க்கால் ஓரம் தண்ணீர் குடித்து வளர்ந்த அதே கல் மூங்கில் பருத்து, உள்ளே வெற்றிடம் விட்டுவிடுகிறது. இரண்டையும் அறுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரே இனம் என்று நம்பவே முடியவில்லை.

கல்வராயன் மலை அடிவாரத்தில் நண்பர் ஒருவரின் பட்டா நிலத்து வேலியோரம் இருக்கிற புதரிலிருந்துதான் எடுத்தேன். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் ஒரு கழி கூட வெட்டக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டே ஆரம்பிப்பது நல்லது.

முதல் தடவை வெட்டியது ஆவணியில். புதரில் குருத்து கிளம்பிக்கொண்டிருந்த நேரம். உள்ளே நுழைந்து ஒரு கழியை இழுப்பதற்குள் இரண்டு குருத்தை மிதித்து ஒடித்தாயிற்று. குருத்தை மூடியிருக்கிற பாளையின் சுணை கழுத்தெல்லாம் ஒட்டி இரவு முழுக்க அரித்தது. கழியும் நீர் நிறைந்து, காயவே மாட்டேன் என்று பூஞ்சணம் பிடித்தது. நண்பரின் அப்பா, "தை மாசிக்கு வாங்க தம்பி, தேய்பிறையா பாத்து வெட்டுங்க" என்றார். அடுத்த தடவை அப்படியே மாசி தேய்பிறையில் போனேன். இலை உதிர்ந்து புதர் வெளிச்சமாக இருந்ததால், எது முதிர்ந்தது எது இளசு என்று நின்று பார்த்துத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

இந்தத் தேர்வில்தான் பாதி வேலை முடிந்துவிடுகிறது. இளங்கழி பளிச்சென்று பச்சையாக, மேலே வெள்ளைப் பொடி பூத்து, அடிக்கணுக்களில் பாளை ஒட்டிக்கொண்டு இருக்கும். அதை விட்டுவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு மேலானது மங்கி, லேசாக மஞ்சள் பாய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பாசித் திட்டு பிடித்திருக்கும். அரிவாள் பிடியால் தட்டினால் இளசில் மொத்தென்று கேட்கும், முதிர்ந்ததில் கணீரென்று கேட்கும். இதோடு இன்னும் இரண்டு பார்த்தேன். கணுக்கள் நெருக்கமாக இருக்கிறதா, அடிக்கும் நுனிக்கும் பருமன் வித்தியாசம் குறைவா. ஏழடி நீளத்தில் அடி 30 மி.மீ., நுனி 20 என்று இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அடிப்பக்கம் கனத்து இழுக்கும், அதை அப்புறம் சரிசெய்யவே முடியாது. நான் எடுத்த மூன்று கழிகளில் நல்லது அடியில் 26, ஏழடி தாண்டி 23 இருந்தது.

தரையிலிருந்து இரண்டாவது கணுவுக்குச் சற்று மேலே ரம்பத்தால் அறுத்தேன். அரிவாளால் வெட்டினால் பாதியிலேயே கீழ்நோக்கிப் பிளந்து கொண்டு போகிறது. கணுவை ஒட்டி அறுப்பது புதருக்காக. குழாய் மாதிரி மிச்சம் விட்டால் அதில் மழைத்தண்ணீர் தேங்கி வேர் வரைக்கும் அழுகும். கிளைகளையும் இழுத்துப் பிய்க்காமல், தோல் உரியாதபடி சிறு ரம்பத்தால் கணுவோடு ஒட்டி எடுத்தேன். கம்புக்கு ஐந்தடிதான் வேண்டும். ஆனாலும் ஏழடியாக வெட்டிவந்தேன், காயும்போது இரண்டு முனையும் கொஞ்ச தூரம் வெடிக்கும் என்பதால்.

இனி பூச்சி விஷயம். ஆவணியில் வெட்டிய கழியை நேராகக் கொண்டுவந்து திண்ணை ஓரம் சாய்த்துக் காயவைத்திருந்தேன். பூஞ்சணத்தைத் தவிர, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் கீழே மைதா மாவு சிந்தியது போல் கிடந்தது. கழியைத் தட்டினால் இன்னும் கொட்டியது. கிளை வெட்டிய இடத்திலும் அறுத்த முனையிலும் குண்டூசித் தலை அளவு துளைகள். மூங்கிலில் இருக்கிற மாவுச்சத்தைத் தேடி வருகிற சிறு வண்டு அது. 3 மி.மீ. நீளம்தான் இருக்கும், கருஞ்சிவப்பு. வெளித்தோலைத் துளைத்து அது வருவதில்லை, அறுத்த முகத்தின் வழியாகவும் காயத்தின் வழியாகவும் உள்ளே போகிறது. கம்பு வெளியே முழுசாகத் தெரியும், உள்ளே சல்லடை. அப்படிப்பட்ட கம்பை ஒரு பிள்ளை கையில் கொடுத்துச் சண்டை செய்யவிட்டால் ஒடிந்த முனை யார் முகத்தில் போகும் என்று நினைத்தாலே எனக்கு உதறுகிறது. அதனால் இந்தக் கட்டத்தை யாரும் தாண்டிப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

மாசிக் கழிகளை வெட்டிய அன்றே நண்பரின் பம்புசெட் தொட்டியில் போட்டோம். மேலே கல் வைத்து முழுக்க மூழ்கவிட வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கிற பக்கம் கறுத்துப் போகும். மோட்டார் ஓடுகிற தொட்டி என்பதால் தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தது. தேங்கின தண்ணீரில் போட்டால் சாக்கடை நாற்றம் எடுக்கும். முதல் வாரம் அறுத்த முனையிலிருந்து குமிழ் குமிழாக வந்தது, தொட்டால் வழவழப்பு. மூன்று வாரத்தில் அது நின்றுவிட்டது. மாவுச்சத்தும் சர்க்கரையும் தண்ணீரில் கரைந்து போகத்தான் இந்த ஊறல்.

அது மட்டும் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். எனக்குப் பயம் போகவில்லை, அதனால் ஈரம் காய்வதற்குள் வெங்காரக் (போராக்ஸ்) கரைசலிலும் நிறுத்தினேன். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கூடச் சேர்க்க வேண்டியது போரிக் ஆசிட், கேரம் போர்டில் தூவுகிற பவுடர் அதுதான். பாக்கெட்டில் அந்தப் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மூன்று பங்கு வெங்காரத்துக்கு இரண்டு பங்கு போரிக் ஆசிட். நான் கலந்தது 6 லிட்டர் தண்ணீரில் வெங்காரம் 180 கிராம், போரிக் ஆசிட் 120 கிராம். குளிர்ந்த தண்ணீரில் அடியில் தங்கிவிடுகிறது. கை பொறுக்கிற சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் கிளறினால் கரைந்துவிடும்.

ஏழடிக் கழியை மூழ்கவைக்கிற பாத்திரத்துக்கு எங்கே போவது? வீட்டு வேலையில் மிஞ்சிய 3 அங்குல பிவிசி குழாய் ஒன்று கிடந்தது. ஏழரை அடிக்கு அறுத்து, ஒரு பக்கம் மூடி போட்டு ஒட்டி, மாமரத்தோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டினேன். மூன்று கழியும் உள்ளே இறங்கி, மேலே கொஞ்சம் இடமும் மிச்சம் இருந்தது. ஊற்றிய கரைசல் ஐந்தே கால் லிட்டர்தான் பிடித்தது. தோல் வழியாக மருந்து உள்ளே போகாது, முனை வழியாகத்தான் ஏற வேண்டும். ஆகவே அவசரப்படாமல் பத்து நாள் விட்டு, நடுவில் ஒரு தடவை கழிகளைத் தலைகீழாகத் திருப்பினேன். கையுறை போட்டுக்கொண்டுதான் தொட வேண்டும். குழாயின் வாயைச் சாக்குத்துணியால் கட்டிவைக்க வேண்டும், குழந்தைகளும் நாயும் இருக்கிற வீடு. மிச்சக் கரைசலைக் கிணற்றுப் பக்கமோ செடிக்கோ ஊற்றவே கூடாது. நான் கேனில் ஊற்றி, பெயர் எழுதி, பரண் மேல் அடுத்த தடவைக்கு வைத்திருக்கிறேன்.

காயவைப்பதில் வெயிலுக்கு வேலையே இல்லை. மாட்டுக்கொட்டகையின் உள்ளே, காற்று ஓடுகிற இடத்தில், உத்தரத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டேன். இரண்டு முனையிலும் மெழுகை உருக்கித் தடவினேன், முனை மட்டும் சீக்கிரம் காய்ந்து வெடிக்காமல் இருக்க. எப்போது காய்ந்தது என்று கண்ணால் சொல்ல முடியாது. கொக்கித் தராசில் வாரம் ஒரு தடவை மாட்டிப் பார்த்து, சுவரில் கரியால் எழுதிக்கொண்டு வந்தேன். தொடக்கத்தில் ஒரு கழி 1,110 கிராம். முதல் வாரங்களில் விறுவிறுவென்று குறையும், அப்புறம் மெதுவாகும். அடுத்தடுத்த வாரம் ஒரே எடை காட்டினால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு அது 710 கிராமில் நின்றது. ஆனால் அது வரைக்கும் காத்திருந்து அப்புறம் நிமிர்த்தப் போனால் காரியம் கெடும். நிமிர்த்துவதற்குச் சரியான சமயம் நடுவில் வருகிறது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஆத்தூர்ப் பக்கம் மூங்கில் ஏணி செய்கிற பெரியவர் ஒருவர். நான் முன்பு செய்த கம்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கம்பின் நீளத்துக்குப் பார்த்தார். "பச்சையா வாட்டினா வெடிக்கும் தம்பி. சருகாக் காஞ்சப்புறம் வாட்டினா கருகுமே தவிர வளையாது. தூக்கிப் பாரு, ஈரம் பாதி போயிருக்கணும், பாதி இருக்கணும்" என்றார். அவருக்குக் கையே தராசு. எனக்குத் தராசு வேண்டியிருந்தது. 1,110 கிராமுக்கும் 710-க்கும் நடுவே, 900 கிராம் வந்தபோது இறக்கி வாட்டினேன். அது சரியாக இருந்தது.

வாட்டுவதற்குக் கொட்டாங்குச்சிக் கரி. தீ நாக்கு எழும்பக் கூடாது, அனல் மட்டும் வேண்டும். பழைய இரும்புச் சட்டியில் கரியைப் பரப்பி, நெருப்புக்கு ஒரு சாண் மேலே கழியைப் பிடித்து உருட்டிக்கொண்டே, ஒரு முழ நீளத்துக்கு முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். கொஞ்ச நேரத்தில் பச்சை நிறம் மாறி மஞ்சளாகும். அப்புறம் தோலின் மேல் வியர்த்தது போல் எண்ணெய்ப் பசை கசியும். அந்தக் கசிவுதான் அடையாளம். உடனே காய்ந்த பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, வளைக்கிற கட்டையில் கொடுக்க வேண்டும்.

வளைக்கிற கட்டை என்பது பழைய வேப்பமர நிலைக்கால் துண்டு, 3 அங்குலக் கனம். அதில் 35 மி.மீ. துளை ஒன்று போட்டு, விளிம்பை அரத்தால் நன்றாக மழுக்கி, உள்ளே ஈரச் சாக்கு சுற்றினேன். கட்டையை வாசற்படித் தூணோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கியாயிற்று. கழியைத் துளைக்குள் விட்டு, கோணல் இருக்கிற கணு விளிம்பில் வருகிற மாதிரி வைத்து, கோணலுக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாக அழுத்த வேண்டும். நேராக வந்தவுடன் விட்டால் திரும்பக் கொஞ்சம் போய்விடும். நேருக்குச் சற்று அப்பால் வரைக்கும் கொண்டுபோய், அப்படியே பிடித்துக்கொண்டு ஈரத்துணியால் ஒற்றி ஆறவிட வேண்டும். துணியிலிருந்து ஆவி வருவது நிற்கிற வரை கையை எடுக்கக் கூடாது.

கோணல் எல்லாம் அநேகமாகக் கணுவில்தான் இருக்கிறது. நான் அடியிலிருந்து நுனி நோக்கி ஒவ்வொரு கணுவாகப் போனேன். ஒரே கணுவில் மொத்தக் கோணலையும் எடுக்கப் பார்த்தால் உட்பக்கம் நார் மடிந்து, ஒரு சுருக்கம் விழுந்துவிடும். மூன்றாவது கழி அப்படித்தான் கெட்டது. இரண்டு அல்லது மூன்று கணுக்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் நிமிர்ந்துவிடுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் கொஞ்சம் திரும்பியிருக்கும், மீண்டும் வாட்ட வேண்டும். சிமென்ட் தரையில் உருட்டிப் பார்ப்பேன். கம்புக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் ஏறி இறங்குவது தெரியும். கடைசியில் நூல் பிடித்துப் பார்த்தபோது 150 சென்டிமீட்டருக்கு 4 மி.மீ. விலகல். அதோடு நிறுத்திக்கொண்டேன். இதைவிட நேராக்க முயன்றால் தோல் கருகும். சுழலும்போது இந்த 4 மி.மீ. கைக்குத் தெரியவும் இல்லை.

நிமிர்த்திய பிறகு மீதி ஈரமும் போகக் கொட்டகையில் திரும்பவும் தொங்கவிட்டு, எடை நின்ற பிறகுதான் நீளத்துக்கு அறுத்தேன். எங்கே அறுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். இரண்டு முனையும் கணுவுக்கு ஒரு விரல்கடை தள்ளி முடிகிற மாதிரி பார்த்தேன். கணு முனையருகே இருந்தால் பிளவு அதைத் தாண்டி உள்ளே ஓடாது. இதற்காக 150 என்று நினைத்தது 151 ஆனது.

இனி மெருகு. முந்தைய கம்பு பிளந்தது இந்த இடத்தில்தான். அதைக் கடைசல் பிடித்த கட்டில்கால் மாதிரி வழவழவென்று ஆக்க வேண்டும் என்று இழைப்புளி போட்டுக் கணு மேட்டையெல்லாம் சமமாகச் சீவி, பச்சைத் தோலையும் முழுக்கச் சுரண்டி எடுத்திருந்தேன். கண்ணுக்கு மிக அழகாக இருந்தது. ஜோடியாக விளையாட ஆரம்பித்ததும் முதலில் சிலாம்பு கிளம்பியது, அப்புறம் நடுக்கணு ஒன்றில் குறுக்கே கீறல் விழுந்து, நீளமாகப் பிளந்தது. பிளந்த துண்டை அறுத்து, முகத்தைத் தேய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். வெளி ஓரத்தில் நார்ப்புள்ளிகள் கறுப்பாக நெருங்கிக் கிடக்கின்றன. உள்ளே போகப் போக இடைவெளி விட்டு, நடுவில் வெறும் மெத்தென்ற சோற்றுப்பகுதிதான். மூங்கிலின் பலத்தில் பெரும்பங்கு வெளிப்பக்கத்தில் இருக்கிறது. கணுவில் நார்கள் வளைந்து பின்னிக்கொண்டு மேடாகின்றன. அந்த மேட்டைச் சீவினால் நார்களையே அறுத்ததாகிறது.

அதனால் இந்தத் தடவை இழைப்புளியைத் தொடவே இல்லை. கிளை இருந்த தழும்பு மட்டும் கையில் குத்தாதபடி அரைவட்ட அரத்தால் மழுக்கினேன். கணுவின் கூர்விளிம்பைக் கண்ணாடிச் சில்லால் ஒரு தடவை வழித்தேன். மேடு மேடாகவே இருக்கிறது, உள்ளங்கை அதன் மேல் வழுக்கிப் போகிறது, அவ்வளவு போதும். தோலில் இருந்த கறையையும் கரியையும் தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாள், அதற்கு மேல் 400, இரண்டும் நீளவாக்கில் மட்டும், லேசாக. பழுப்பும் மஞ்சளும் கலந்து, வாட்டிய இடத்தில் கொஞ்சம் அடர்த்தியாக ஒரு நிறம் வந்திருக்கிறது. சீவிய கம்பைவிட இதுதான் எனக்கு அழகாகத் தெரிகிறது.

முனைக்குப் பித்தளைப் பூண் போடலாமா என்று யோசித்தேன். பழைய கம்புகளில் பார்த்திருக்கிறேன், கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் பிள்ளைகள் ஜோடியாக விளையாடும்போது உலோகம் பட்டால் எலும்புக்கு ஆபத்து. வெயில் காலத்தில் மூங்கில் சுருங்கினால் பூண் கழன்றும் விழும். நூல் கட்டு போட்டேன். முனையிலிருந்து 4 சென்டிமீட்டர் அகலத்துக்கு 400 உப்புத்தாளால் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டு, அரால்டைட் பசையை மெல்லிசாகப் பூசி, அரை மி.மீ. நைலான் நூலை இழுத்து இழுத்து நெருக்கமாகச் சுற்றினேன். மேலே இன்னொரு பூச்சு. அறுத்த முகத்திலும் ஒரு பூச்சு, ஈரமும் வண்டும் போகாமல் இருக்க. முகத்தின் விளிம்பைச் சுற்றிலும் 3 மி.மீ. அளவுக்கு உருட்டிவிட்டேன்.

எண்ணெயில் நல்லெண்ணெய் வேண்டாம் என்பது என் அனுபவம். காயாது, கையில் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். பெயிண்ட் கடையில் கிடைக்கிற ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். கம்பை லேசாகச் சூடுபடுத்தி, துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்தேன். நாலைந்து நாள் காயவிட்டு இன்னொரு பூச்சு. தோல் இருப்பதால் அதிகம் குடிக்காது, கணுவிலும் தழும்பிலும்தான் உறிஞ்சும். ஒரு எச்சரிக்கை: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடேறி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டுக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

கொடுப்பதற்கு முன் சோதித்தேன். 120 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு செங்கல் அடுக்கின் மேல் கம்பைக் கிடத்தி, நடுவில் 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். 18 மி.மீ. தணிந்தது. பையை எடுத்ததும் பழைய இடத்துக்கே வந்தது. கம்பை உருட்டி நான்கு பக்கமும் இப்படிப் பார்த்தேன். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் நார் தெறிக்கிற சத்தம் இருந்தால் தெரியும், எதுவும் இல்லை. பிறகு தொங்கவிட்ட பழைய டயரில் வலுவாக அடித்துப் பார்த்து, ஒவ்வொரு கணுவையும் நகத்தால் வருடினேன்.

முடிந்த கம்பு 151 சென்டிமீட்டர், 490 கிராம், அடி 25, நுனி 23 மி.மீ. விரலின் மேல் வைத்துப் பார்த்தால் சமன்புள்ளி நடுவிலிருந்து அடிப்பக்கமாக 2 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. வாத்தியார் வாங்கி, வணக்கம் சொல்லித் தொடங்குகிற சலாம் வரிசை ஒன்று போட்டுப் பார்த்தார், அடியையும் நுனியையும் மாற்றிப் பிடித்தும் பார்த்தார். "கணுவைச் சீவாம விட்டீங்களே, அது போதும்" என்று சொல்லி அவளிடம் கொடுத்தார். அவள், "மாமா, இது கை சொல்ற இடத்துல நிக்குது" என்றாள். கடைக் கம்பு நழுவிய அதே பிடிமாற்றத்தில் இது நழுவவில்லை.

செலவு: கழி மூன்றுக்கு 150 ரூபாய், குழாய் மூடி 40, வெங்காரம் 60, போரிக் ஆசிட் 80, உப்புத்தாள் 60, ஆளிவிதை எண்ணெய் 120, நூலும் அரால்டைட்டும் 110. மொத்தம் 620. அதில் இரண்டு முழுக் கம்பு வந்தது, ஆக ஒன்றுக்கு 310. சுருக்கம் விழுந்த கழியை அந்த இடத்தில் அறுத்துவிட்டு, மூன்றடிச் சிறுகம்பு ஒன்று எடுத்தேன். அரைவட்ட அரம் 160, பிளாஸ்டிக் வெர்னியர் 150, அவை இனியும் உழைக்கும். கரியும் சாக்கும் வேப்பங்கட்டையும் வீட்டில் இருந்தவை. பணக் கணக்கில் கடைக் கம்போடு பெரிய வித்தியாசம் இல்லை. வெட்டியதிலிருந்து கையில் கொடுக்கிற வரை ஆகிற மாதக்கணக்கான காத்திருப்பு மட்டும்தான் கூடுதல்.

இனி செய்யும்போது சிலவற்றை மாற்றுவேன். வளைக்கிற கட்டையில் ஒரு துளைக்குப் பதிலாக, இரண்டு அளவில் இரண்டு துளை போடுவேன், நுனிப்பக்கம் 35 மி.மீ. துளையில் ஆடியது. கழியை எட்டடியாக வெட்டுவேன், கணுவைப் பார்த்து அறுக்க இடம் தாராளமாக இருக்கும். நைலான் நூலின் கடைசிச் சுற்று கொஞ்சம் எழும்பியிருக்கிறது, முடிச்சை உள்ளே புதைத்துச் சுற்ற வேண்டும். வெங்காரக் கரைசலில் நிறுத்தாமல் ஊறல் மட்டும் போட்ட ஒரு துண்டை அதே கொட்டகையில் தொங்கவிட்டிருக்கிறேன். இதுவரை மாவு கொட்டவில்லை. அடுத்த மாசி வரை அது தாங்கினால் மருந்தைக் குறைக்கலாமா என்று பார்க்க வேண்டும். கழியின் வயதைத் தட்டிப் பார்த்து ஊகிக்க வேண்டாம் என்று, இந்த வருஷம் கிளம்பிய குருத்துகள் முற்றியதும் நண்பரிடம் சொல்லி அடிக்கணுவில் வருஷத்தைப் பெயிண்டால் எழுதவைத்திருக்கிறேன்.